காரணத்தை யார் எழுதுவது?

பிஸ்கட், ரொட்டி, பால், சமையல் எண்ணெய் என்று ஜனங்கள் அன்றாடம் வாங்கும் உணவுப் பண்டங்களைத் தயாரிக்கும் கம்பெனிகளில் இப்போது ஒரு புதிய பேச்சு அடிபடுகிறது. "லீன் உற்பத்தி முறைக்கு டிஜிட்டல் அஸ்திவாரம் போடுகிறோம்" என்று நிர்வாகங்கள் அறிவிக்கின்றன. தொழிலாளியின் கண்ணுக்குத் தெரிவது என்ன? பாக்கெட் போடும் யந்திரத்தின் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி மாட்டப்படுகிறது. பெல்ட்டின் மேலே ஒரு சென்சார் வைக்கப்படுகிறது. பாக்கெட் ஒவ்வொன்றும் அதைக் கடக்கும்போது ஓர் எண் ஏறுகிறது. யந்திரம் நின்றால், நின்ற நேரம் நொடிக் கணக்கில் பதிவாகிறது. ஷிப்டு முடிவில் மேஸ்திரி பென்சிலால் எழுதிய நோட்டு மறைந்துபோகிறது. ஆபீஸ் அறையிலுள்ள கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் அந்த நிமிடமே தெரிகிறது.

இதைப் பார்த்துச் சில தொழிலாளர்கள் அஞ்சுகிறார்கள். "நம்மை வேவு பார்க்கத்தான் இந்தப் பெட்டி, பிடுங்கி எறிய வேண்டும்" என்கிறார்கள். படித்த நண்பர்கள் சிலர், "விஞ்ஞான முன்னேற்றத்தைத் தொழிலாளி எதிர்க்கலாமா?" என்று நமக்கு உபதேசம் செய்கிறார்கள். இரண்டுமே பெட்டியைத் திறந்து பார்க்காமல் பேசும் பேச்சு. அந்தப் பெட்டி எதை எழுதுகிறது, எதை எழுதாமல் விடுகிறது, எழுதியதை யார் எதற்காகப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் தொழிலாளி தன் நிலையை முடிவு செய்ய முடியும். பஞ்சாலைத் தொழிலாளிக்கும் வயலில் உழைக்கும் தோழருக்கும்கூட இதில் சம்பந்தம் உண்டு. எப்படி என்று சொல்கிறோம்.

தறியில் பிறந்த முறை

"லீன்" என்றால் மெலிந்தது என்று பொருள். தேவையற்ற சதையைக் களைந்துவிட்ட உற்பத்தி முறை என்ற அர்த்தத்தில் இந்தப் பெயரை வைத்தார்கள். பெயர் 1988-ல் அமெரிக்காவில் சூட்டப்பட்டது. முறை பிறந்ததோ ஜப்பானில், அதுவும் மோட்டார்க் கம்பெனியில் அல்ல, நெசவுத் தறியில்.

சாகிச்சி டொயோடா என்பவர் 1924-ல் ஒரு தானியங்கித் தறியை முழுமைப்படுத்தினார். பாவு நூல் அறுந்தால் அந்தத் தறி தானே நின்றுவிடும். அப்படித் தானே நிற்காத தறி, நூல் அறுந்தது தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கெட்ட துணி கஜக் கணக்கில் விழும். "பழுது ஏற்பட்டால் உடனே நிறுத்து, நிறுத்தியபின் காரணத்தைக் கண்டுபிடி" என்ற எண்ணம் இங்கிருந்து வந்தது. பிற்காலத்தில் டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில் உற்பத்தி முறையை வகுத்த டாயிச்சி ஓனோ, 1932-ல் டொயோடா நூற்பு நெசவுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவர். 1943-ல்தான் மோட்டார்ப் பகுதிக்கு வந்தார்.

பஞ்சாலைத் தோழர்கள் இதைக் கேட்டதும் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தறி தானே நின்றால் நெசவாளிக்குக் கண்வலி குறையும். ஆனால் அதே காரணத்தால், ஒரே ஆளைப் பல தறிகளைப் பார்க்கச் சொல்லவும் முடியும். ஒரே சாதனம்தான், அது சுமையை இறக்கவும் செய்யும், ஏற்றவும் செய்யும். ஒருவருக்கு எத்தனை தறி என்பதைத் தறி முடிவு செய்யவில்லை. மனிதர்கள் முடிவு செய்தார்கள். இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஓனோ ஏழு வகை வீணைப் பட்டியல் போட்டார். தேவைக்கு மேல் உற்பத்தி செய்வது, காத்துக் கிடப்பது, சரக்கை அங்குமிங்கும் தூக்கிச் செல்வது, தேவையில்லாத வேலையைச் செய்வது, சரக்கைத் தேக்கி வைப்பது, வீண் அசைவு, பழுதான பண்டம் ஆகியவை அந்த ஏழு. இவற்றை ஜப்பானிய மொழியில் "முடா" என்கிறார்கள். அந்த முறையில் "முரி" என்று இன்னொரு சொல்லும் இருக்கிறது. மனிதன் மீதோ யந்திரத்தின் மீதோ அளவுக்கு மீறிச் சுமையை ஏற்றுவதற்கு அந்தப் பெயர். அதுவும் களைய வேண்டிய குற்றம் என்றே அந்த முறை சொல்கிறது. நமது நிர்வாகங்கள் "முடா"வைப் பற்றிச் சுவரெல்லாம் எழுதி ஒட்டுகின்றன. "முரி"யைப் பற்றி எந்தச் சுவரிலாவது எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

பெட்டி போடும் கணக்கு

டிஜிட்டல் அஸ்திவாரம் என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. யந்திரம் ஓடிய நேரம், ஓடிய வேகம், வெளிவந்த நல்ல பண்டம் ஆகிய மூன்றையும் ஒழுங்காக எண்ணுவதுதான் அதன் முதல் கல். மூன்றையும் பெருக்கினால் ஒரு சதவிகிதம் வரும். அந்த ஒற்றை எண்ணை வைத்துத்தான் மானேஜர் யந்திரத்தை எடை போடுகிறார்.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு ஷிப்டு 480 நிமிடம். அதில் யந்திரம் 48 நிமிடம் நின்றது. ஓடியது 90 சதவிகிதம். நிமிடத்துக்கு 100 பாக்கெட் போட வேண்டிய யந்திரம் 90 போட்டது; வேகம் 90 சதவிகிதம். போட்டவற்றில் நூற்றுக்கு 5 கழிவாகப் போனது. தரம் 95 சதவிகிதம். மூன்றையும் பெருக்கினால் சுமார் 77 வருகிறது. "யந்திரத்தின் சக்தியில் 23 பங்கு வீணாகிவிட்டது" என்று திரை சிவப்பில் காட்டும்.

அந்த 23 பங்கு எங்கே போயிற்று? பாக்கெட் ஒட்டும் பிளாஸ்டிக் சுருள் மட்டமானதாக வந்து கிழிந்திருக்கலாம். கரண்டு போயிருக்கலாம். மாவு வரத் தாமதமாகியிருக்கலாம். மாற்ற வேண்டிய பேரிங்கைப் பர்ச்சேஸ் இலாகா வாங்கித் தராமல் இருந்திருக்கலாம். வேர்க்கடலை போட்ட பண்டத்துக்குப் பின் கடலை போடாத பண்டத்தை ஓட்டுவதற்காக யந்திரத்தைக் கழுவியிருக்கலாம்; கடலை ஒவ்வாத குழந்தைக்கு அந்தக் கழுவல்தான் உயிர். இவற்றில் எது தொழிலாளியின் குற்றம்?

இன்னொன்றும் பாருங்கள். 100 கிராம் என்று அச்சடித்த பாக்கெட்டில் எடை குறைந்தால் சட்டப்படி குற்றம். ஆகவே தராசு தடுமாறும் யந்திரத்தில் நிர்வாகம் பயந்துகொண்டு 102 கிராம் வைத்து ஓட்டும். பாக்கெட்டுக்கு 2 கிராம் என்றால், ஒரு லட்சம் பாக்கெட்டில் 200 கிலோ பண்டம் சும்மா போகிறது. தராசைச் சரிசெய்து, ஒவ்வொரு பாக்கெட்டின் எடையையும் பதிவு செய்தால் இந்த 200 கிலோவில் பெரும்பகுதி மிஞ்சும். இதற்காக எந்தத் தொழிலாளியும் ஒரு துளி வியர்வை கூடுதலாகச் சிந்த வேண்டியதில்லை. இப்படிப்பட்ட சேமிப்பை நாம் வரவேற்கிறோம். உணவைப் பாழாக்குவது பாவம் என்று ஏழைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நிமிடம் மீட்டருடையது, காரணம் மனிதருடையது

இப்போது பிரச்னையின் உயிர்நாடிக்கு வருகிறோம்.

யந்திரம் 12 நிமிடம் நின்றது என்பதைப் பெட்டி பொய் சொல்லாமல் எழுதும். ஏன் நின்றது என்பதைப் பெட்டி எழுதாது, அதற்குத் தெரியாது. மோட்டார் சூடேறியது போன்ற சிலவற்றை யந்திரமே அறிவிக்கலாம். மற்றவற்றுக்கு, திரையில் ஒரு பட்டியல் வரும்: யந்திரப் பழுது, மூலப்பொருள் இல்லை, சுத்தம், ஆள் இல்லை, ஆபரேட்டர் தவறு. யாராவது ஒருவர் விரலால் தொட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த விரல் யாருடையது?

சுருள் மட்டமானது என்று எழுதினால், மலிவு விலைக்கு அதை வாங்கிய அதிகாரி பதில் சொல்ல வேண்டும். பேரிங் தேய்ந்தது என்று எழுதினால் பராமரிப்பு இலாகா பதில் சொல்ல வேண்டும். "ஆபரேட்டர் தவறு" என்று எழுதினால் மேலே யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கீழே ஒருவருக்கு மெமோ கொடுத்தால் போதும். தண்ணீர் குடிக்கப் போன மூன்று நிமிடத்தை "ஆள் இல்லை" என்று எழுதலாம். "மாற்று ஆள் தரப்படவில்லை" என்றும் எழுதலாம். நேரம் அதே மூன்று நிமிடம்தான். முதலாவது தொழிலாளி மேல் குற்றம், இரண்டாவது நிர்வாகத்தின் மேல் குற்றம்.

பழைய நோட்டில் மேஸ்திரி பொய்க் காரணம் எழுதினால், அது அந்த இலாகாவோடு நின்றது. இன்று அப்படி அல்ல. ஒருமுறை கம்ப்யூட்டரில் ஏறிய காரணம் வாராந்தர அறிக்கையில் ஏறுகிறது. மாத அறிக்கையில் ஏறுகிறது. பல நூறு மைலுக்கு அப்பாலுள்ள தலைமை ஆபீசில் படமாகவும் கோடாகவும் வரையப்படுகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் சுருளைப் பார்த்ததில்லை, பேரிங்கைத் தொட்டதில்லை. "ஆபரேட்டர் தவறு 30 சதவிகிதம்" என்று படம் சொன்னால் அதுவே அவருக்கு வேதவாக்கு. ஆட்குறைப்பு உத்தரவு அங்கிருந்து புறப்படுகிறது.

நிர்வாகத்துக்கும் இதில் நஷ்டம் உண்டு. காரணம் பொய்யானால் பரிகாரமும் பொய்யாகும். தேய்ந்த பேரிங் இருக்கும்போது ஆளை மாற்றினால் யந்திரம் ஓடுமா? உண்மையான காரணம் வேண்டுமென்றால், யந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர் பயமில்லாமல் எழுத வேண்டும். தண்டனை வரும் என்று தெரிந்தால் யார் உண்மையை எழுதுவார்? ஆகவே நாம் சொல்கிறோம்: தொழிலாளியின் பாதுகாப்பு இல்லாத டிஜிட்டல் அஸ்திவாரம் மணலில் போட்ட அஸ்திவாரம்தான்.

சுத்தம் செய்யும் நிமிடம் வீணா?

உணவுத் தொழிற்சாலைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. இரும்புத் தொழிற்சாலையில் யந்திரத்தைத் துடைக்கத் தவறினால் யந்திரம் கெடும். உணவு ஆலையில் தவறினால் உண்பவர் உயிர் போகும்.

கனடா நாட்டின் டொரோண்டோ நகரில் மேப்பிள் லீஃப் கம்பெனியின் இறைச்சி ஆலையிலிருந்து 2008-ல் கிருமி பரவியது. இறைச்சியைச் சீவும் யந்திரத்தின் உள்ளே, சாதாரணமாகக் கழுவும்போது கை எட்டாத இடத்தில் கிருமி தங்கியிருந்தது என்று பிறகு கண்டார்கள். 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கம்பெனித் தலைவரே பொறுப்பேற்று மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். யந்திரத்தை நிறுத்தி, பகுதி பகுதியாகக் கழற்றிக் கழுவும் நேரம் எவ்வளவு விலையுயர்ந்தது என்பதற்கு இது சாட்சி. ஆனால் யந்திரம் நிற்கும் நிமிடம் எல்லாம் "இழப்பு" என்று திரையில் சிவப்பாகத் தெரிந்தால், நெருக்கப்படும் சூப்பர்வைசர் முதலில் எதில் கைவைப்பார்? கழுவும் நேரத்தில்தான்.

வேகமும் அப்படியே. அமெரிக்காவில் பன்றி இறைச்சி ஆலைகளில் மணிக்கு 1,106 பன்றிகளுக்கு மேல் வெட்டக் கூடாது என்று ஒரு வரம்பு இருந்தது. 2019-ல் அரசாங்கத்தின் விவசாய இலாகா ஒரு புதிய விதி போட்டு, அதில் சேரும் ஆலைகளுக்கு அந்த வரம்பை எடுத்துவிட்டது. கத்தியுடன் தோளோடு தோள் நின்று வேலை செய்யும் தொழிலாளிக்கு வேகம் கூடினால் கை போகும், மணிக்கட்டு போகும். உணவுத் தொழிலாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. தொழிலாளியின் பாதுகாப்பை இலாகா கணக்கிலேயே எடுக்கவில்லை என்று கூறி 2021 மார்ச்சில் மின்னசோட்டாவிலுள்ள கோர்ட் அந்த வேகத் தளர்வை ரத்துச் செய்தது. வேகம் என்பது இன்ஜினீயரின் தனிச் சொத்தல்ல, தொழிலாளியின் உடம்பும் அதில் ஒரு கட்சிக்காரன் என்பது அங்கே நிலைநாட்டப்பட்டது.

கடிகாரம் புதிது, சண்டை பழையது

நிமிடத்தை எண்ணித் தொழிலாளியை ஓட்டும் வித்தை இன்று தோன்றியதல்ல. அமெரிக்காவில் பிரெடரிக் டெய்லர் என்பவர் கையில் கடிகாரத்துடன் தொழிலாளியின் அசைவை அளந்தார். 1911-ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் பெருமையோடு ஒரு கணக்குச் சொல்கிறார். இரும்புப் பாளம் தூக்கும் ஒரு தொழிலாளி நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் தூக்கிக்கொண்டிருந்தார்; டெய்லர் முறையில் நாற்பத்தேழரை டன் தூக்கினார். சுமை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி எவ்வளவு ஏறியது? 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட். நூற்றுக்கு அறுபது! மீதி யார் பைக்குப் போயிற்று என்று கேட்பதற்குப் பெரிய பொருளாதார ஞானம் தேவையில்லை.

அதே 1911 ஆகஸ்டில் வாட்டர்டவுன் என்ற ஊரிலிருந்த அரசாங்க ஆயுதத் தொழிற்சாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் கடிகாரத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். பார்லிமெண்ட் விசாரணை நடந்தது. முடிவில், அந்தத் தொழிற்சாலைகளில் கடிகாரம் வைத்துத் தொழிலாளியை அளப்பதற்குச் சர்க்கார் பணம் செலவழிக்கக் கூடாது என்று 1915-ல் தடை போடப்பட்டது.

நமது நாட்டிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 1955-ல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள், ஆளைக் குறைத்து வேலைப் பளுவை ஏற்றும் "ரேஷனலைசேஷன்" திட்டத்தை எதிர்த்து 80 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்து 1957-ல் கூடிய 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சில நிபந்தனைகளை ஒப்புக்கொண்டன. இருக்கும் தொழிலாளிக்கு வேலை இழப்போ வருமானக் குறைவோ ஏற்படக் கூடாது. கிடைக்கும் லாபம் சமூகத்துக்கும் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும். வேலைப் பளுவை இரு தரப்பும் ஏற்கும் நிபுணர்கள் மதிப்பிட வேண்டும், வேலைச் சூழ்நிலையும் சீர்பட வேண்டும். இன்றைய டிஜிட்டல் அஸ்திவாரத்துக்கும் இந்த நிபந்தனைகள் அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்துகின்றன.

இது நடவாத காரியம் என்று முதலாளிகள் சொல்லக்கூடும். கலிபோர்னியாவில் பிரீமாண்ட் நகரத்தில் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாகத் தொடங்கி, 1984 முதல் 2010 வரை நடந்த தொழிற்சாலையில் இதே லீன் முறைதான் நடந்தது. கம்பெனியின் உயிருக்கே ஆபத்து வந்தாலொழிய ஆட்குறைப்பு செய்வதில்லை என்று தொழிற்சங்கத்துடன் அங்கே ஒப்பந்தம் இருந்தது. 1988 வாக்கில் விற்பனை விழுந்தபோது ஆட்களை வெளியே அனுப்பாமல் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். லீன் முறையின் தாயகமான கம்பெனியே ஏற்ற நிபந்தனையை, அதைக் காப்பியடிக்கும் கம்பெனி ஏற்க மறுப்பது ஏன்?

பால் பூத்திலிருந்து வயல்வரை

வயலில் உழைக்கும் தோழருக்கு இதில் என்ன என்று கேட்டோம் அல்லவா? உணவுக் கம்பெனியின் முதல் யந்திரம் ஆலைக்குள் இல்லை. ஊரில், பால் அளக்கும் இடத்தில் இருக்கிறது.

குஜராத்தில் கைரா ஜில்லா விவசாயிகள் 1946-ல் வியாபாரிகளின் பிடியை உதறி ஒரு கூட்டுறவு சங்கம் அமைத்தார்கள். ஆனந்த் என்ற ஊரில் வளர்ந்த அந்த ஸ்தாபனமே அமுல். பாலுக்கு விலை அளவை மட்டும் பொறுத்தல்ல, கொழுப்பின் சதவிகிதத்தையும் பொறுத்தது. முன்பெல்லாம் பாலைக் கொடுத்தவர் ஒருவர், சோதித்தவர் இன்னொருவர். முடிவு பின்னால் வரும், அதை நம்புவதைத் தவிர வழி இல்லை. 1990-களின் பிற்பகுதி முதல் கிராம சங்கங்களில் மின்னணுத் தராசும் கொழுப்பு சோதிக்கும் கருவியும் கம்ப்யூட்டரும் வந்தன. பாலை ஊற்றியவர் அங்கேயே நின்று அளவையும் கொழுப்பையும் விலையையும் அச்சிட்ட சீட்டில் பார்க்க முடிந்தது. ஓர் எருமை மட்டுமே சொத்தாக உள்ள நிலமற்ற தொழிலாளிக்கு இது சிறிய விஷயமா? அங்கேயும் இதுதான் டிஜிட்டல் அஸ்திவாரம். ஆனால் எண் உழைத்தவரின் கையில் சீட்டாக விழுந்தது. பாலை அந்தந்த இடத்திலேயே, கொடுப்பவர் கண்ணெதிரே அளந்து சோதிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுப் பால் உற்பத்தியாளர்கள் நெடுநாளாகக் கேட்டு வருவதும் இதே உரிமையைத்தான்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் வயல் தொழிலாளிக்கு உண்டு. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செல்போன் மூலம் தினம் இருமுறை படம் எடுத்து வருகையைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டது. டவர் கிடைக்காத இடத்தில் படம் ஏறவில்லை. மண் வெட்டிய நாளுக்குக் கூலியும் ஏறவில்லை என்று பல மாநிலங்களிலிருந்து புகார்கள் எழுந்தன. வெட்டிய பள்ளம் கண்ணெதிரே கிடந்தது. ஆனாலும் செல்போன் எழுதியதே சாட்சியாயிற்று. தவறு டவருடையது என்று எழுத அந்தப் பதிவில் இடமில்லை.

இரண்டு இடத்திலும் மின்சாரக் கருவிதான். ஒன்றில் உழைத்தவர் எண்ணைப் பார்த்தார், கேள்வி கேட்க முடிந்தது. மற்றொன்றில் எண் மேலே போயிற்று, கேள்வி கேட்க ஆளில்லை. நாம் கருவியை எதிர்க்கவில்லை; இரண்டாவது ஏற்பாட்டை எதிர்க்கிறோம்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

ஆட்குறைப்புக்கு வழி வகுக்கக்கூடிய யந்திரச் சீரமைப்பு எதையும் தொழிலாளிக்கு நோட்டீஸ் கொடுக்காமல், நோட்டீஸ் கொடுத்து 21 நாள் ஆகாமல் செய்யக் கூடாது என்பது 1947-ம் வருஷத் தொழில் தகராறு சட்டத்தின் 9-ஏ பிரிவு. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. தொழிலாளிக்குப் பாதகமான பல அம்சங்கள் புதிய தொகுப்பில் உண்டு. ஆனால் இந்த 21 நாள் நோட்டீஸ் அதன் 40-வது பிரிவில் நிற்கிறது. "பெட்டிதானே மாட்டுகிறோம், இதற்கு என்ன நோட்டீஸ்?" என்று நிர்வாகம் சொல்லும். பெட்டி சொன்ன எண்ணை வைத்து நாளை ஆளைக் குறைக்கப் போவதானால், இன்றே நோட்டீஸ் கேட்க வேண்டும்.

அதே சமயம் சட்டத்தை மட்டும் நம்பி உட்கார முடியாது. நாடாளுமன்றம் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவரைப் பற்றிய தகவலை அவர் சம்மதத்தோடுதான் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் பொதுவிதி. ஆனால் வேலை சம்பந்தமான நோக்கங்களுக்கு முதலாளி சம்மதம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று 7-வது பிரிவு விலக்குத் தருகிறது. ஆலைக்கு வெளியே பூட்டு, ஆலைக்குள் திறந்த கதவு! ஆகவே சட்டம் தராததைச் சங்கம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

நாம் கேட்பது

உணவு ஆலைகளில் இந்த அஸ்திவாரம் போடப்படும்போது நாம் கேட்பவை இவை:

முதலாவது, எதை அளக்கிறார்கள், எந்த வேகத்தை அளவுகோலாக வைக்கிறார்கள், எண்ணை யார் பார்க்கிறார்கள் என்று முன்கூட்டியே தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆபீஸ் திரையில் தெரிவது யந்திரத்தின் பக்கத்திலும் தெரிய வேண்டும்.

இரண்டாவது, யந்திரம் நின்ற காரணத்தை முதலில் எழுதும் உரிமை அந்த யந்திரத்தில் நிற்பவருக்கே வேண்டும். அதை யாராவது மாற்றினால், மாற்றியவர் பெயரும் பழைய காரணமும் அழியாமல் இருக்க வேண்டும். தகராறு வந்தால் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்த கமிட்டி தீர்க்க வேண்டும்.

மூன்றாவது, கழுவும் நேரம், சாப்பாடு, தண்ணீர், கழிப்பறைக்குப் போகும் நேரம் எதுவும் "இழப்பு" என்ற தலைப்பில் வரக் கூடாது. பழுதையோ ஆபத்தையோ கண்டால் யந்திரத்தை நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும்; நிறுத்தியதற்காகத் தண்டனை கூடாது.

நான்காவது, எண்கள் யந்திரத்தின் பெயரில் இருக்க வேண்டும், ஆளின் பெயரில் அல்ல. பெட்டி சொன்னதை மட்டும் ஆதாரமாக வைத்து மெமோவோ சம்பள வெட்டோ கூடாது.

ஐந்தாவது, 1957-ன் நிபந்தனைகள் ஒப்பந்தமாக வேண்டும். ஆட்குறைப்பு இல்லை, வருமானக் குறைவு இல்லை, லாபத்தில் பங்கு உண்டு என்பது நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்லாமல், பாக்கிங் பகுதியில் நிற்கும் பெண்களுக்கும் காண்டிராக்ட் தொழிலாளர்களுக்கும் பொருந்த வேண்டும். அவர்களை விட்டுவிட்டுப் போடும் ஒப்பந்தம் பாதி ஒப்பந்தம்.

ஆறாவது, பாலோ கரும்போ தானியமோ கொடுக்கும் விவசாயிக்கு எடையும் தரமும் அவர் கண்ணெதிரே பார்க்கப்பட்டு அப்போதே சீட்டு வழங்கப்பட வேண்டும்.

இவற்றில் எதுவும் உற்பத்தியைக் குறைக்கும் கோரிக்கை அல்ல. மாவு வீணாகாமல், பால் கெடாமல், யந்திரம் பழுதாகாமல் ஓட வேண்டும் என்பதில் தொழிலாளிக்கு முதலாளியைவிட அக்கறை குறைவில்லை. அந்தப் பண்டத்தை அவர் குழந்தையும் சாப்பிடுகிறது.

கோரிக்கை வைப்பதற்கு முன்பே இன்று செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. ஒவ்வொரு இலாகாவிலும் சங்கத் தோழர்கள் ஒரு சாதாரண நோட்டு வாங்குங்கள். தேதி, ஷிப்டு, யந்திரத்தின் எண், நின்ற நேரம், ஓடிய நேரம், காரணம் என்று ஆறு கோடு போடுங்கள். அன்றன்றைக்கு எழுதி இருவர் கையெழுத்துப் போடுங்கள். சுருள் மட்டமென்றால் கிழிந்த துண்டைத் தேதியோடு எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து நிர்வாகம் தன் திரையைக் காட்டிப் பேச வரும்போது, சங்கம் தன் நோட்டை மேஜைமேல் வைக்கட்டும். நிமிடங்கள் இரண்டிலும் ஒன்றாகத்தான் இருக்கும். காரணங்கள் வேறுபடும் இடத்திலிருந்து பேச்சுவார்த்தையைத் தொடங்குங்கள்.